அன்றைய பிக் எய்ட்டா, நேற்றைய எஸ்.இ.சி.யா? கல்லூரி ஃபுட்பால் கான்ஃபரன்ஸ்களை ஒப்பிடப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலைப் பார்க்க ஆரம்பித்த ஒன்றிரண்டு மாதங்களிலேயே இந்தச் சண்டை உங்கள் காதில் விழுந்துவிடும். தென்கிழக்கு மாநில அணிகளின் கூட்டமைப்பான எஸ்.இ.சி.தான் எக்காலத்துக்கும் பெரியது என்பார் ஒருவர். நடு மாநிலங்களின் எட்டு அணிகள் சேர்ந்த 1970களின் பிக் எய்ட்டைப் பார்த்திருந்தால் இப்படிப் பேசமாட்டாய் என்பார் இன்னொருவர். இரண்டு பேரிடமும் புள்ளிவிவரம் இருக்கும், இரண்டும் சரியாகவும் இருக்கும். ஆனாலும் விவாதம் நகராது. காரணம், பெரும்பாலும் எடுத்துவரும் எண்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்பவை அல்ல. எந்த எண்ணை எடுப்பது, எதை ஒதுக்குவது, எந்த வரிசையில் செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. கான்ஃபரன்ஸ் என்பது பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்த கூட்டமைப்பு. ஒரு காலத்தில் எட்டுப் பத்து அணிகள் இருந்தன, இப்போது பதினாறு, பதினெட்டு. இன்று ஓர் அணி பருவத்துக்கு 12 ஆட்டம் ஆடுகிறது. அதில் எட்டோ ஒன்பதோ தன் கான்ஃபரன்ஸுக்குள்ளேயே போய்விடும். மிச்சம் மூன்று நான்குதான் வெளி ஆட்டம். அப்புறம், நன்றாக ஆடிய அணிகளுக்கு டிசம்பர், ஜனவரியில் பவுல் ஆட்டம் ஒன்று, அதாவது பருவம் முடிந்தபின் பெரும்பாலும் வேறு கான்ஃபரன்ஸ் அணியோடு ஆடும் தனி ஆட்டம். மேல்மட்டப் பிரிவில் மட்டும் 130க்கும் மேற்பட்ட அணிகள் இருக்கின்றன, எல்லாரும் எல்லாரோடும் மோத வழியே இல்லை. இந்த விவாதம் இவ்வளவு வருடமாக ஓய்வதில்லை என்பதற்கு இதுதான் மூல காரணம்.

படி 1: எந்த பலம் என்று முடிவு செய்யுங்கள்

"எது பலமானது" என்பதற்குள் மூன்று தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. உச்சியில் இருக்கும் இரண்டு மூன்று அணிகள் எவ்வளவு நல்லவை? நடுவில் இருக்கும் அணி எவ்வளவு நல்லது? கடைசி அணியை வெல்வதுகூடக் கஷ்டமா?

தேசிய சாம்பியன் பட்டங்களை எண்ணினால் முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில் வரும். 1968 முதல் 1980 வரை, வடக்கின் பத்து அணிகள் சேர்ந்த பிக் டென் கான்ஃபரன்ஸின் பட்டத்தை ஒவ்வொரு வருடமும் ஒஹையோ ஸ்டேட்டோ மிச்சிகனோ வென்றது அல்லது பகிர்ந்துகொண்டது. இருவர் பெரியவர், எட்டுப் பேர் சிறியவர் என்றே அப்போது சொல்வார்கள். அந்த இரண்டு அணிகளை வைத்து முழு கான்ஃபரன்ஸையும் மதிப்பிட்டால் மற்ற எட்டையும் நீங்கள் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். என்னைக் கேட்டால், நடு அணிதான் கான்ஃபரன்ஸின் உண்மையான அளவுகோல். உச்சி அணி ஒரு நல்ல பயிற்சியாளர் வந்தால் எங்கும் முளைக்கும்.

படி 2: அந்த வருடத்து உறுப்பினர் பட்டியலை எழுதுங்கள்

பெயர் ஒன்றுதான், உள்ளே இருப்பவர்கள் வேறு. 13 கல்வி நிறுவனங்களோடு 1932இல் எஸ்.இ.சி. உருவானபோது அதில் சுவானி என்ற சின்னக் கல்லூரியும் இருந்தது. 1940இல் வெளியேறும்வரை கான்ஃபரன்ஸுக்குள் ஓர் ஆட்டத்தைக்கூட அது வெல்லவில்லை. ஜார்ஜியா டெக், டுலேன் இரண்டும் 1960களில் போயின. ஆர்கன்சாவும் சவுத் கரோலினாவும் 1990களின் தொடக்கத்தில் வந்தன, மிசூரியும் டெக்சஸ் ஏ அண்ட் எம்மும் 2012இல், டெக்சஸும் ஓக்லஹோமாவும் 2024இல். பிக் எய்ட் 1996இல் டெக்சஸின் நான்கு அணிகளைச் சேர்த்துக்கொண்டு பிக் 12 ஆனது. அதே வருடம் சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ் முடிவுக்கு வந்தது. 2024இல் மேற்குக் கரையின் பேக்-12 கான்ஃபரன்ஸில் மிஞ்சியது ஆரெகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் என்ற இரண்டே அணிகள்.

ஆகவே ஓக்லஹோமாவின் 1950களை எஸ்.இ.சி. கணக்கில் சேர்க்கக் கூடாது. இது சொல்லித் தெரிய வேண்டிய விஷயமா என்று தோன்றும். ஆனால் இணையத்தில் உலவும் பட்டியல்கள் பல, இன்றைய உறுப்பினர்களின் பழைய பட்டங்களை எல்லாம் கூட்டித்தான் தயாராகின்றன.

இன்னொரு பத்தியும் உங்கள் தாளில் இருக்க வேண்டும்: எந்த கான்ஃபரன்ஸிலும் சேராத தனி அணிகள். 1980களில் ஏ.பி. செய்தி நிறுவனத்தின் ஓட்டில் (படி 6) தேர்வான பத்து சாம்பியன்களில் ஆறு தனி அணிகள்தான். பென் ஸ்டேட் 1982, 1986, மியாமி 1983, 1987, 1989, நோட்ர டாம் 1988. இந்தப் பத்தி இல்லாவிட்டால் அந்தக் காலத்தின் பெரும் பலம் கணக்கிலிருந்தே காணாமல் போய்விடும்.

படி 3: உள் ஆட்டங்களை ஒதுக்குங்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. 1971இன் பிக் எய்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு அணிகள், ஒவ்வொன்றும் மற்ற ஏழோடும் மோதியது. உள் வெற்றிகள் நெப்ராஸ்காவுக்கு 7, ஓக்லஹோமாவுக்கு 6, கொலராடோவுக்கு 5, ஐயோவா ஸ்டேட்டுக்கு 4, அடுத்த மூன்று அணிகளுக்கும் சேர்த்து 6, மிசூரிக்கு 0. கூட்டினால் 28. தோல்விகளைக் கூட்டினாலும் 28தான். எட்டு அணிகளும் உலகின் தலைசிறந்த அணிகளாக இருந்தாலும் 28தான் வரும், எட்டும் உருப்படாத அணிகளாக இருந்தாலும் அதே 28தான். ஒரே வீட்டில் அண்ணன் பையிலிருந்து தம்பி பைக்குப் பணம் போனால் வீட்டின் சொத்து கூடாது, அதே கதைதான் இங்கும்.

"எங்கள் கான்ஃபரன்ஸில் யாரும் யாரையும் அடித்துவிடுவார்கள், அவ்வளவு கடினம்" என்ற வாதத்தை இனி கேட்டால் நிதானமாக இருங்கள். அணிகள் சமமாக இருப்பதை அது காட்டும். எவ்வளவு உயரத்தில் சமம் என்று காட்டாது. அதற்கு வெளி ஆட்டங்கள்தான் ஒரே சாட்சி.

படி 4: வெளி ஆட்டங்களை எடை போடுங்கள்

ஒரு விரிதாளைத் திறந்துகொள்ளுங்கள். பத்திகள் இவ்வளவு போதும்: வருடம், அணி, எதிரணி, எதிரணியின் கான்ஃபரன்ஸ், மைதானம் யாருடையது, புள்ளி வித்தியாசம். பழைய ஆட்ட முடிவுகள் எல்லாம் ஸ்போர்ட்ஸ் ரெஃபரன்ஸ் தளத்தில் வருடவாரியாகக் கிடைக்கின்றன.

கீழ்ப் பிரிவு அணிகளோடு ஆடியவற்றை முதலில் நீக்குங்கள். சொந்த மைதானம் என்றால் சுமார் 3 புள்ளியைக் கழியுங்கள், எதிரணி மைதானம் என்றால் கூட்டுங்கள். 60-3 போன்ற வித்தியாசங்களுக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள். நான் 28 வைக்கிறேன், அதற்கு மேல் அடித்தது எதிரணியின் சோர்வைத்தான் காட்டும். 1996க்கு முன்னால் பருவ ஆட்டங்களில் கூடுதல் நேரம் கிடையாது, டிரா வரும், அதை அரை வெற்றியாக எண்ணுங்கள்.

ஒரு வருடத்தை மட்டும் எடுத்தால் உருப்படியான வெளி ஆட்டங்கள் இருபது தேறுவதே கஷ்டம். ஐந்து வருடங்களைச் சேர்த்துப் பாருங்கள். அப்படிச் சேர்க்கும்போது விதிமுறை மாறிய வருடத்தில் (படி 7இல் பட்டியல் உண்டு) வெட்டுங்கள். 1970, 1980 என்று பத்தாண்டாக வெட்டுவதில் ஒரு பொருளும் இல்லை.

படி 5: பவுல் ஆட்டங்களைச் சந்தேகத்தோடு பாருங்கள்

பவுல் ஆட்டம் நல்ல சாட்சியாகத் தெரியும். இரண்டு நல்ல அணிகள், பொது மைதானம், வேறு வேறு கான்ஃபரன்ஸ். ஆனால் யார் ஆட வந்தார்கள், யாரை வர விடவில்லை என்று பார்க்காமல் இந்தச் சாட்சியை நம்பக் கூடாது.

1947 ஜனவரியில் தொடங்கி பிக் டென் ரோஸ் பவுலில் மட்டும் ஆடியது, அதிலும் ஒரே ஓர் அணி. 1947 முதல் 1959 வரை பதின்மூன்று ரோஸ் பவுல்களில் பன்னிரண்டை பிக் டென் வென்றது. 1970 முதல் 1980 வரை பதினொன்றில் ஒன்றே ஒன்று. இந்த இரண்டு எண்களும் உண்மையானவை, ஒரு கான்ஃபரன்ஸின் ஏற்ற இறக்கத்தைப் பற்றி ஏதோ சொல்கின்றன. ஆனால் இரண்டாவது எண்ணில் ஆடியவர்கள் மிச்சிகனும் ஒஹையோ ஸ்டேட்டும் மட்டுமே. பர்டூவையோ மினசோட்டாவையோ பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

1973 நவம்பரில் நடந்ததைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். தோல்வியே காணாத ஒஹையோ ஸ்டேட்டும் மிச்சிகனும் ஆன் ஆர்பரில் மோதி 10-10 என்று முடித்தன. யாரை ரோஸ் பவுலுக்கு அனுப்புவது என்று கான்ஃபரன்ஸின் விளையாட்டு இயக்குநர்கள் ஓட்டுப் போட்டார்கள். மிச்சிகனின் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் டென்னிஸ் ஃபிராங்க்ளினுக்கு அந்த ஆட்டத்தில் காறை எலும்பு முறிந்திருந்தது. ஓட்டு ஒஹையோ ஸ்டேட்டுக்குப் போனது. வேறு பவுலுக்குப் போகவும் விதி இடம் தராததால் ஓர் ஆட்டம்கூடத் தோற்காத மிச்சிகன் வீட்டில் இருந்தது. 1972 முதல் 1974 வரை மூன்று பருவங்களில் 30 வெற்றி, 2 தோல்வி, 1 டிரா. பவுல் ஆட்டம் ஒன்றுகூட இல்லை. 1975 பருவத்தில்தான் அந்த விதி போனது. அந்த வீரர்களுக்கு நடந்தது அநியாயம் என்று இன்றும் நினைக்கிறேன். நம் கணக்குக்கு அது சொல்வது இதுதான்: அந்த வருடங்களின் பவுல் வெற்றி-தோல்வி பட்டியலில் நாட்டின் மிகச் சிறந்த அணிகளில் ஒன்று இல்லவே இல்லை.

இந்தக் காலத்துப் பிரச்சினை வேறு. 2016 பருவத்திலிருந்து, தொழில்முறை ஆட்டத்துக்குப் போகும் வீரர்கள் காயத்துக்குப் பயந்து பவுலைத் தவிர்ப்பது வழக்கமாகிவிட்டது. 2023இல் 13 வெற்றி, 0 தோல்வி (13-0) என்று அட்லாண்டிக் கரை கான்ஃபரன்ஸான ஏ.சி.சி.யின் பட்டம் வென்ற ஃபுளோரிடா ஸ்டேட்டுக்கு, தேசிய சாம்பியனை முடிவு செய்யும் பிளேஆஃப் சுற்றில் இடம் கிடைக்கவில்லை. ஆரஞ்சு பவுலில் முக்கிய வீரர்கள் பலர் களமிறங்காமல் ஜார்ஜியாவிடம் 63-3 என்று தோற்றது. அதை வைத்து ஏ.சி.சி.யை அளந்தால் அது அளவே அல்ல. 2016க்குப் பிறகு பிளேஆஃப் ஆட்டங்களை மட்டும் முழு எடையோடு எடுங்கள், மற்ற பவுல்களுக்குப் பாதி எடை போதும்.

படி 6: ஏ.பி. தரவரிசையின் தேதியைப் பாருங்கள்

1936இல் தொடங்கிய ஏ.பி. தரவரிசை பத்திரிகையாளர்களின் ஓட்டு. 1968 முதல்தான் கடைசிப் பட்டியல் நிரந்தரமாக பவுல்களுக்குப் பிறகு வெளியாகிறது. அதற்கு முன் 1965 போன்ற விதிவிலக்கு தவிர, பவுல் நடப்பதற்குள் சாம்பியனை அறிவித்துவிடுவார்கள். 1960இல் மினசோட்டா அப்படித்தான் சாம்பியன் ஆகி, பிறகு ரோஸ் பவுலில் வாஷிங்டனிடம் 17-7 என்று தோற்றது. பயிற்சியாளர்கள் தனியாகப் போடும் ஓட்டில் இந்தப் பழக்கம் 1973 வரை நீடித்தது. அந்த வருடச் சாம்பியன் அலபாமா, சுகர் பவுலில் நோட்ர டாமிடம் 24-23 என்று தோற்றது. இடங்களின் எண்ணிக்கையும் மாறியது: 1962 முதல் 1967 வரை பத்து இடம், பிறகு இருபது, 1989 முதல் இருபத்தைந்து. எந்தக் காலத்தை ஒப்பிட்டாலும் முதல் பத்தை மட்டும் எடுத்தால் இந்தத் தொல்லை தீரும்.

படி 7: அந்தக் காலத்தின் கதவுகள் யாருக்குத் திறந்திருந்தன என்று படியுங்கள்

இதைத் தாண்டிப் போனால் மற்ற எல்லாக் கணக்கும் வெறும் எண்தான்.

எஸ்.இ.சி.யில் முதல் கறுப்பின வீரர் களமிறங்கியது 1967இல், கென்டக்கியின் நேட் நார்த்திங்டன். அதுவரை தெற்கின் கறுப்பின இளைஞர்களுக்குச் சொந்த மாநிலத்தின் பெரிய பல்கலைக்கழக அணிகளில் பெரும்பாலும் இடமில்லை. பலர் தெற்கின் கறுப்பினக் கல்லூரிகளில் ஆடினார்கள், சிலர் வடக்கே போனார்கள். 1966இல் நோட்ர டாமோடு 10-10 என்று டிரா செய்த மிச்சிகன் ஸ்டேட் அணியைப் பாருங்கள். பப்பா ஸ்மித் டெக்சஸின் போமான்ட்டிலிருந்து வந்தவர், ஜார்ஜ் வெப்ஸ்டர் சவுத் கரோலினாக்காரர், குவார்ட்டர்பேக் ஜிம்மி ரே நார்த் கரோலினாக்காரர். தெற்கு சாத்திய கதவு பிக் டென்னுக்கு பலமாக வந்து சேர்ந்தது. 1970களில் தெற்கு கதவைத் திறந்த பிறகு அந்த வரத்து குறைந்தது. 1950களின் பிக் டென் உயரத்தையும் 1970களின் சரிவையும் விளக்க இது மட்டும் போதாது, ஆனால் இது இல்லாமல் விளக்கவே முடியாது.

இதன் இன்னொரு பக்கமும் உண்டு. கறுப்பின வீரர்கள் உள்ள அணிகளோடு தெற்கத்திய அணிகள் பல ஆட மறுத்ததால், அந்தக் காலத்து எஸ்.இ.சி.க்கு நாடு தழுவிய வெளி ஆட்டங்கள் குறைவு. படி 4இல் சொன்ன சாட்சியே மெலிந்து போகிறது. 1966இல் அலபாமா எல்லா ஆட்டங்களையும் வென்றும் ஏ.பி. அதை நோட்ர டாமுக்கும் மிச்சிகன் ஸ்டேட்டுக்கும் பின்னால் மூன்றாவதாகத்தான் வைத்தது. ஓட்டு முடிந்த பிறகு அதே அலபாமா சுகர் பவுலில் நெப்ராஸ்காவை 34-7 என்று வென்றது. பட்டம் பறிபோனது அநியாயம் என்று அலபாமா ரசிகர்கள் இன்றுவரை பேசுகிறார்கள். தங்கள் அணியில் யார் யாருக்கு அப்போது இடமில்லாமல் இருந்தது என்பதையும் சேர்த்துப் பேசினால்தான் அந்தப் பேச்சு முழுமையாகும்.

மற்ற விதி மாற்றங்களைச் சுருக்கமாகக் குறித்துக்கொள்ளலாம். உதவித்தொகை பெறும் வீரர்களின் எண்ணிக்கைக்கு 1973இல் 105 என்று வரம்பு வந்தது, 1978இல் 95, 1990களின் நடுவில் 85. அதற்கு முன் பெரிய பல்கலைக்கழகங்கள் வீரர்களைக் குவித்துவைத்திருந்தன, நடு அணிகளுக்குக் கிடைத்தது மிச்சம் மீதிதான். 1984இல் உச்ச நீதிமன்றம் தொலைக்காட்சி உரிமையை, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ.வின் பிடியிலிருந்து விடுவித்த பிறகு, பணம் கான்ஃபரன்ஸ் வழியாக ஓடத் தொடங்கியது. 2021 முதல் வீரர்கள் சுலபமாக அணி மாறலாம், தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கவும் செய்யலாம்.

படி 8: அவரவர் காலத்தின் சராசரியோடு ஒப்பிடுங்கள்

2011இன் லைன்மேனை (முன்வரிசையில் மோதும் கனத்த வீரரை) 1971க்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று கேட்பதில் பயனில்லை. உடம்பு, பயிற்சி, உணவு எல்லாம் மாறிவிட்டன. தன் காலத்துச் சராசரி அணிக்கு மேலே எவ்வளவு உயரத்தில் நின்றது என்று மட்டும் கேளுங்கள். ஸ்போர்ட்ஸ் ரெஃபரன்ஸ் தரும் எஸ்.ஆர்.எஸ். என்ற எண் இதைத்தான் செய்கிறது. ஓர் அணியின் சராசரிப் புள்ளி வித்தியாசத்தோடு எதிரணிகளின் தரத்தைச் சேர்க்கிறது. பூஜ்யம் என்றால் அந்த வருடத்துச் சராசரி அணி. ஒரே ஒரு எச்சரிக்கை: மேல்மட்டப் பிரிவில் புதிய சின்ன அணிகள் சேரச் சேர சராசரியே கீழே இறங்கும், பெரிய அணிகள் தானாக உயர்ந்தது போலத் தெரியும். அதனால் பெரிய கான்ஃபரன்ஸ்களின் அணிகளையும் பெரிய தனி அணிகளையும் மட்டும் வைத்து உங்கள் சராசரியைப் போடுங்கள்.

இப்போது ஓர் ஒப்பீட்டைச் செய்து பார்ப்போம்: 1971 பிக் எய்ட், 2011 எஸ்.இ.சி.

1971இல் ஏ.பி.யின் கடைசிப் பட்டியலில் முதல் மூன்று இடமும் நெப்ராஸ்கா, ஓக்லஹோமா, கொலராடோ. 2011 நவம்பரில் எல்.எஸ்.யூ., அலபாமா, ஆர்கன்சா அதேபோல் முதல் மூன்றைப் பிடித்தன. பருவம் முடிந்தபோது அலபாமா 1, எல்.எஸ்.யூ. 2, ஆர்கன்சா 5. ஆச்சரியமான ஒற்றுமை ஒன்று உண்டு. இரண்டு வருடத்திலும் இந்த மும்மூன்று அணிகள் தங்களுக்குள் தோற்றதைத் தவிர வேறு யாரிடமும் தோற்கவில்லை. கொலராடோவின் இரண்டு தோல்வியும் நெப்ராஸ்காவிடமும் ஓக்லஹோமாவிடமும், ஆர்கன்சாவின் இரண்டும் அலபாமாவிடமும் எல்.எஸ்.யூ.விடமும்.

வெற்றி-தோல்வி பிரித்துக் காட்டாததால், யாரை வென்றார்கள் என்று பார்க்க வேண்டும். 2011இல் எல்.எஸ்.யூ. ஆரெகனை 40-27, வெஸ்ட் வர்ஜீனியாவை அவர்கள் மைதானத்திலேயே 47-21. இரண்டுமே அந்தந்த கான்ஃபரன்ஸின் பட்டம் வென்ற அணிகள். அலபாமா பென் ஸ்டேட்டுக்குப் போய் 27-11. இவை நல்ல வெற்றிகள். 1971இல் கொலராடோ எல்.எஸ்.யூ.வை பேட்டன் ரூஜில் 31-21, ஒஹையோ ஸ்டேட்டை கொலம்பஸில் 20-14. மூன்றாவது அணி இதைச் செய்திருக்கிறது. ஓக்லஹோமா யூ.எஸ்.சி.யை 33-20, டெக்சஸை 48-27, சுகர் பவுலில் ஆபர்னை 40-22. நெப்ராஸ்கா ஆரஞ்சு பவுலில் அதுவரை தோற்காத அலபாமாவை 38-6. உச்சியில் என் ஓட்டு 1971க்கு.

நடுவுக்கு வருவோம். பிக் எய்ட்டில் நான்காவது ஐயோவா ஸ்டேட் 8-4, சன் பவுலில் எல்.எஸ்.யூ.விடம் 33-15 தோல்வி. அதற்குக் கீழே சரிவு செங்குத்து, கடைசியில் மிசூரி 1-10. 2011 எஸ்.இ.சி.யின் பன்னிரண்டு அணிகளில் நடுவில் நின்றவை ஆபர்ன் 8-5, ஃபுளோரிடா 7-6. இரண்டும் பருவத்தில் வெளியே அடி வாங்கியவை, ஆபர்ன் கிளெம்சனிடம் 38-24, ஃபுளோரிடா ஃபுளோரிடா ஸ்டேட்டிடம் 21-7. ஆனால் பவுலில் வர்ஜீனியாவையும் ஒஹையோ ஸ்டேட்டையும் வென்றன. அந்த வருட எஸ்.இ.சி. பவுல் கணக்கை 6-3 என்று சொல்வார்கள். அதில் அலபாமா எல்.எஸ்.யூ.வை 21-0 என்று வென்ற இறுதி ஆட்டம் ஒரு வெற்றியாகவும் ஒரு தோல்வியாகவும் இருக்கிறது. படி 3இன்படி அதை நீக்கினால் 5-2. கடைசியில் மிசிசிப்பி 2-10, லூயிசியானா டெக்கிடம் சொந்த மைதானத்தில் 27-7 தோல்வி. அடிமட்டத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நடுவில் 2011 எஸ்.இ.சி. தெளிவாக மேலே.

முதல் பத்தில் பிக் எய்ட்டுக்கு எட்டில் மூன்று, எஸ்.இ.சி.க்குப் பன்னிரண்டில் நான்கு. விகிதம் பார்த்தால் பிக் எய்ட் கொஞ்சம் முன்னால், ஆனால் அதுவும் உச்சியைப் பற்றிய எண்தான். கான்ஃபரன்ஸ் முழுவதையும் வைத்து ஒன்றைச் சொல் என்றால் 2011 எஸ்.இ.சி. என்பேன். தலைசிறந்த மூன்று அணிகள் எங்கே என்றால் 1971 பிக் எய்ட்.

அடுத்து நீங்களே போட்டுப் பார்க்க 1950களின் பிக் டென்னையும் 2006 முதல் 2012 வரை ஏழு தேசியப் பட்டங்களைத் தொடர்ந்து வென்ற எஸ்.இ.சி.யையும் எடுங்கள். அதில் படி 7 மற்ற எல்லாப் படிகளையும்விட அதிக நேரம் கேட்கும்.